முதல் செமஸ்டரில் பாயிண்டர் இரண்டுக்குக் கீழே: கல்வி ஆதரவுத் திட்டத்துக்குப் போவதா, வேண்டாமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். பெற்றோர் இருவரும் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். லயத்து வீடுகள் உடைக்கப்பட்ட பிறகு பட்டணத்து ஓரமாக ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்தவர்கள். அவருடைய தங்கைதான் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவர். தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் என்று படித்து, ஜொகூரில் ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் துறையில் சேர்ந்தார். முதல் செமஸ்டரில் பாயிண்டர், அதாவது 4.00க்குக் கணக்கிடும் கிரேடுச் சராசரி, 1.90. கல்வி ஆதரவுத் திட்டத்தில் பெயர் பதியுமாறு இப்போது துறையிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. தங்கையோ, அது படிப்பு வராதவர்களுக்கு நடத்தும் வகுப்பு, அங்கே போனால் மானம் போய்விடும் என்கிறார். இத்திட்டங்களால் உண்மையிலேயே பயன் உண்டா, அல்லது பெயருக்கு நடத்துகிறார்களா, தங்கையை வற்புறுத்தலாமா என்பது அண்ணனின் கேள்வி. நான் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களுக்குப் பல காலம் கணிதம் கற்பித்தவன். இத்தகைய வகுப்புகளை நடத்தியும் இருக்கிறேன். என் ஊரும் பேராக்தான். எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கை போகவேண்டும். ஆனால், அந்த மின்னஞ்சலில் இருப்பது எந்த வகைத் திட்டம் என்று பார்த்துவிட்டுப் போகவேண்டும். தங்கை தடுமாறிய அதே பாடத்தை எடுத்துக்கொண்டு, வாரந்தோறும், சக மாணவர்களோடு உட்காரவைத்துக் கணக்குப் போட வைக்கும் திட்டம் என்றால் அதைவிட நல்ல வாய்ப்பு இந்த ஆண்டில் அவருக்குக் கிடைக்காது. ஒரு சனிக்கிழமை முழுக்க மண்டபத்தில் உட்காரவைத்து, “உன்னால் முடியும்” என்று கைதட்ட வைக்கும் திட்டம் என்றால், மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பதைத் தவிர அதில் பெரிதாக எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

முதலில் 1.90 என்ற எண்ணைப் பற்றி. வீட்டில் அதைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள்; பயப்படவேண்டிய அளவு எவ்வளவு என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஒரு செமஸ்டரில் எடுக்கும் பாடங்களின் மொத்தக் கனம் 17 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். முதல் செமஸ்டரில் அவர் சேர்த்தது 17 பெருக்கல் 1.90, அதாவது 32.3 புள்ளி. அடுத்த செமஸ்டரில் 2.60 எடுத்தால் இன்னும் 44.2 புள்ளி சேரும், மொத்தம் 76.5 புள்ளியை 34 கிரெடிட்டால் வகுத்தால் 2.25 வரும். மூன்றாம் செமஸ்டரில் 3.00 எடுத்துவிட்டால் மொத்தப் பாயிண்டர் சரியாக 2.50 ஆகிவிடும். பொறியியல் பட்டம் பொதுவாக நான்கு ஆண்டு, எட்டு செமஸ்டர். அதில் ஒன்றுதான் சறுக்கியிருக்கிறது. அதே வேளையில், இதை அலட்சியமாகவும் விடமுடியாது. பாயிண்டர் 2.00க்குக் கீழே போனால் நம் பல்கலைக்கழகங்கள் மாணவரைப் பொதுவாக நிபந்தனைக்குட்பட்ட நிலையில் வைக்கின்றன. அடுத்தடுத்து அதே நிலை தொடர்ந்தால் படிப்பிலிருந்தே நீக்கவும் விதி இருக்கிறது. எத்தனை முறை, எந்த எல்லை என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். அது அவருடைய கல்வி விதிமுறைக் கையேட்டில் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பக்கங்களைத் தங்கை இந்த வாரமே படிக்கவேண்டும். பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் எடுத்திருந்தால் தேர்வு முடிவுக்கும் அடுத்தடுத்த தவணைப் பணத்துக்கும் உள்ள தொடர்பையும் மாணவர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

இனி, ஏன் சறுக்கியது என்பதற்கு வருவோம். “தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அடிப்படை போதவில்லை” என்று ஒரே வரியில் சொல்லிவிடுபவர்கள் பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயும் இருக்கிறார்கள், நம் சமூகத்திலும் இருக்கிறார்கள். தங்கை வந்த பாதையை நினைத்துப் பாருங்கள். ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளியில் தமிழ் வழிப் படிப்பு. பிறகு இடைநிலைப்பள்ளியில் எல்லாம் மலாய். மலாய் மொழித் தேர்ச்சி போதாதவர்கள் அதற்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பிலும் உட்கார்ந்து எழவேண்டும். இடையில் 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டு, பின்னர் அந்தக் கொள்கை திரும்பப் பெறப்பட்டு, 2016 முதல் சில பள்ளிகளில் மட்டும் இருமொழித் திட்டம் என்று வந்தது. ஆக ஒரே வீட்டில் அண்ணன் ஒரு மொழியிலும் தங்கை வேறு மொழியிலும் அறிவியல் படித்திருப்பது இங்கே அதிசயமில்லை. ஆறாம் படிவத்தில் மலாயும் ஆங்கிலமும் கலந்து வரும். பல்கலைக்கழகப் பொறியியலிலோ பாடநூல் ஆங்கிலம், விரிவுரை ஆங்கிலமும் மலாயும், ஆய்வுக்கூட அறிக்கை முழுக்க ஆங்கிலம். இத்தனை முறை மொழி மாறியும் ஆறாம் படிவ முடிவில் வரும் எஸ்.டி.பி.எம். தேர்வைத் தாண்டி வந்த பிள்ளையிடம் அறிவுக் குறைவு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் மொழி மாற்றம் நேரத்தைத் தின்னும். பட்டணத்து மாணவர் ஒருவர் அரை மணி நேரத்தில் படிக்கும் அத்தியாயத்தை இவர் ஒன்றரை மணி நேரம் படிக்கிறார். தேர்வில் கேள்வியை இரண்டு முறை வாசிக்கிறார். கடைசிக் கேள்விக்கு நேரமில்லாமல் போகிறது. விடைத்தாளைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்: முதல் மூன்று கேள்விகளில் மதிப்பெண் நன்றாக இருக்கும், ஐந்தாவது கேள்வி வெறுமையாக இருக்கும். அதைப் பார்க்காமல் கிரேடை மட்டும் பார்ப்பவர் “கணிதம் வரவில்லை” என்று முடிவுகட்டிவிடுவார்.

மொழியைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் தனியாகப் படிக்கிறார்கள். ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வு வரைக்கும் அதுதான் அவர்களைக் காப்பாற்றியது. வீட்டில் கூட்டம், பக்கத்து வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம். ஒரு மூலையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, யாரோடும் சேராமல் படித்த பிள்ளைதான் தேறியது. “கூட்டாளிகளோடு சுற்றாதே” என்பது நம் வீடுகளின் முதல் கட்டளை. தங்கை அந்தக் கட்டளையைப் பல்கலைக்கழகத்துக்கும் கொண்டுபோயிருப்பார். அங்கே அது எதிர்வேலை செய்யும்.

இதை என் அனுமானமாக மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1970களின் பிற்பகுதியில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆய்வாளர் இதைத்தான் கண்டார். அங்கே நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் பெருமளவில் தோற்றுக்கொண்டிருந்தார்கள்; முந்தைய பத்தாண்டில் அந்தப் பாடத்தை முடித்த கறுப்பின மாணவர்களில் பத்தில் ஆறு பேர் கடைசிக் கிரேடுகளான டி அல்லது எஃப் வாங்கியிருந்தார்கள். காரணம் என்ன என்று ஆசிரியர்களைக் கேட்டபோது ஊக்கம் போதாது, அடிப்படை போதாது, குடும்பத்தில் அக்கறை இல்லை, வருமானம் இல்லை என்றார்கள். நம்மைப் பற்றியும் இதே நான்கைத்தான் சொல்கிறார்கள். ட்ரைஸ்மன் இருபது கறுப்பின மாணவர்களையும் இருபது சீன வம்சாவளி மாணவர்களையும் அருகிலிருந்து கவனித்தார். விடுதிக்கும் நூலகத்துக்கும் கூடவே போனார். ஆசிரியர்கள் சொன்ன நான்கு காரணங்களும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் ஊக்கத்தோடுதான் வந்திருந்தார்கள்; குடும்பங்கள் அவர்களுக்காக நிறையவே தியாகம் செய்திருந்தன; பள்ளியில் நன்றாகத் தேறியவர்களும் தோற்றார்கள். வேறுபாடு படிக்கும் முறையில் இருந்தது. கறுப்பின மாணவர் இருபதில் பதினெட்டுப் பேர் வகுப்புத் தோழரோடு சேர்ந்து படித்ததே இல்லை. ஆசிரியர் சொன்னபடி வாரம் எட்டு மணி நேரம் போல, கதவைச் சாத்திக்கொண்டு படித்தார்கள். சீன மாணவர்களும் அதே அளவு தனியாகப் படித்தார்கள். ஆனால் அதோடு நிற்காமல் ஒன்றாகக் கூடி, விடைகளை ஒப்பிட்டு, ஒருவர் தவற்றை மற்றவர் திருத்தினார்கள். ஒரு கணக்கு யாருக்குமே வரவில்லை என்றால் அது கடினமான கணக்கு என்று அவர்களுக்குத் தெரிந்தது. தனியாகப் படித்தவருக்கோ, அது தன் அறிவில் உள்ள குறை என்று தோன்றியது.

ட்ரைஸ்மன் செய்த பரிகாரம்தான் கவனிக்கத்தக்கது. அவர் எளிய கணக்குகளைக் கொடுத்து மறுபயிற்சி நடத்தவில்லை. வழக்கமான வகுப்பில் வருவதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சிறு குழுக்களாகப் போடவைத்தார். சேரச் சொல்லும்போதே, இது தேறாதவர்களுக்கான வகுப்பு என்று சொல்லாமல், சிறப்பாகத் தேறப்போகிறவர்களுக்கான பட்டறை என்றார். அதில் சேர்ந்த கறுப்பின மாணவர்களின் தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது. பின்னர் பல பல்கலைக்கழகங்கள் அந்த முறையை எடுத்துக்கொண்டன.

குழுவில் உட்காருவதால் என்ன கிடைக்கும் என்று தங்கை கேட்டால் ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லுங்கள். தலைகீழாக நிற்கும் கூம்பு வடிவத் தொட்டியில் நீர் ஒரே வேகத்தில் நிரம்புகிறது; நீர்மட்டம் எவ்வளவு வேகமாக உயர்கிறது என்பது கேள்வி. இடைநிலைப்பள்ளியில் கூடுதல் கணிதம் என்ற பாடத்தைப் படித்த எல்லாருக்கும் பழக்கமான கணக்குதான். மாணவர் கூம்பின் கன அளவுச் சூத்திரத்தை எழுதுவார், மூன்றில் ஒரு பங்கு, பை, ஆரத்தின் வர்க்கம், உயரம். பிறகு உயரத்தை மட்டும் மாறுவதாக வைத்து வகையிடுவார், அதாவது மாறும் வேகத்தைக் கணக்கிடுவார். படிகள் எல்லாம் சுத்தமாக இருக்கும். விடை மட்டும் இருக்கவேண்டியதைப்போல மூன்று மடங்கு வரும். தனியாகப் படிப்பவர் விடைத்தாளோடு ஒப்பிட்டு, எங்கே தவறு என்று தெரியாமல், சரியான தீர்வை அப்படியே மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போவார். நான்கு பேர் ஒரு வெள்ளைப் பலகையின் முன் நின்றால், அதில் ஒருவராவது, “தண்ணீர் ஏற ஏற மேல்பரப்பும் அகலமாகுமே, நீ ஏன் ஆரத்தை அப்படியே வைத்திருக்கிறாய்?” என்று கேட்டுவிடுவார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு ஆரத்தை உயரத்தின் வழியாக எழுதவேண்டும் என்பது அவருக்கு மறக்கவே மறக்காது. விரிவுரையாளர் இருநூறு பேர் உட்கார்ந்த மண்டபத்தில் அந்தக் கேள்வியை ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்கமுடியாது.

மானம் போய்விடும் என்ற தங்கையின் அச்சமும் வெறும் வீம்பு அல்ல. அதைப் பல்கலைக்கழகங்களே உணர்ந்து செய்த ஏற்பாடு ஒன்று உண்டு. 1973இல் அமெரிக்காவில் மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் கேன்சஸ் சிட்டி வளாகத்தில் டியானா மார்ட்டின் என்பவர் துணைப் பயிற்றுமுறை ஒன்றைத் தொடங்கினார். மருத்துவம், பல்மருத்துவம், மருந்தியல் படிக்க வந்த சிறுபான்மை மாணவர்கள் பாதியில் நின்றுவிடுவதைத் தடுப்பதற்காகத் தொடங்கியது அது. ஆனால் மாணவர்களில் யார் பலவீனமானவர் என்று அவர் பொறுக்கவில்லை. எந்தப் பாடத்தில் முப்பது விழுக்காட்டுக்கும் மேலானவர்கள் டி, எஃப் வாங்குகிறார்களோ அல்லது பாதியில் விலகுகிறார்களோ, அந்தப் பாடத்துக்கு வாரந்தோறும் கூட்டுப் படிப்பு நேரம் வைத்தார். அதே பாடத்தில் முன்பு நன்றாகத் தேறிய சீனியர் ஒருவர் மறுபடியும் விரிவுரைக்கு வந்து உட்கார்ந்து குறிப்பெடுத்து, பிறகு அந்த நேரத்தை நடத்துவார். அவர் மறுபடி பாடம் எடுக்கமாட்டார், மாணவர்களையே பேசவைப்பார். யார் வேண்டுமானாலும் வரலாம். ஏ வாங்குகிறவரும் வருவார், தோற்கும் நிலையில் இருப்பவரும் வருவார். யார் எதற்காக வந்தார் என்று யாருக்கும் தெரியாது. பாடம்தான் கடினமானது என்று சொல்லும் திட்டத்துக்குப் பிள்ளைகள் வெட்கப்படாமல் வருவார்கள். நீதான் பலவீனமானவன் என்று சொல்லும் திட்டத்துக்கு மின்னஞ்சல் வந்தவர்களில் பாதிப் பேர் வரவே மாட்டார்கள். என் அனுபவத்தில் இது தவறியதே இல்லை. துறைத் தலைவர்களிடம் இதைச் சொன்னால் ஒப்புக்கொள்வார்கள், அடுத்த ஆண்டும் அதே மின்னஞ்சலைத்தான் அனுப்புவார்கள்.

நம் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் என்ன கிடைக்கும்? ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கல்வி ஆலோசகர் உண்டு. விரிவுரையாளர் ஒருவரே அந்தப் பொறுப்பில் இருப்பார். தங்கை இதுவரை அவரைப் பாடப்பதிவுக்குக் கையெழுத்து வாங்க மட்டும் பார்த்திருப்பார். வழிகாட்டிச் சீனியர் முறை, மொழி மையத்தின் எழுத்துப் பயிற்சி, மனநல ஆலோசனைப் பிரிவு, நூலகத்தின் தேடல் பயிற்சி ஆகியவையும் பெரும்பாலும் இருக்கும். இவற்றுள் கல்வி ஆலோசகர் ஏற்பாடுதான் மிகுந்த வலிமை உடையது. எந்தப் பாடத்தை மறுபடி எடுப்பது, எதை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளுவது, எத்தனை கிரெடிட் சுமப்பது என்ற முடிவு அவர் மேசையில்தான் நடக்கிறது. நிபந்தனை நிலையில் உள்ளவர் முழுச் சுமையை எடுக்கப் பல இடங்களில் அனுமதிக்கமாட்டார்கள். அனுமதித்தாலும் எடுக்கக்கூடாது என்பது என் கருத்து. நம் பிள்ளைகள் “விட்டதைப் பிடிக்கிறேன்” என்று இருபது கிரெடிட் பதிவதைப் பார்த்திருக்கிறேன். ஊர் முழுக்கக் கடனை வைத்துக்கொண்டு புதுக்கடன் வாங்குவதைப் போன்றது அது.

ஆலோசகரிடம் வெறுங்கையோடு போகக்கூடாது. “சார், எனக்குப் புரியவில்லை” என்றால் அவராலும் “நன்றாகப் படி” என்பதற்கு மேல் சொல்லமுடியாது. தோற்ற பாடங்களின் இடைத்தேர்வு (செமஸ்டர் நடுவில் நடக்கும் தேர்வு) தாள்களைக் கொண்டுபோகட்டும். எந்தக் கேள்வியில், எந்தப் படியில் மதிப்பெண் போனது என்று குறித்துக்கொண்டு போகட்டும். நேரம் போதாமல் விட்டதா, கருத்துப் புரியாமல் விட்டதா என்று பிரித்துக்காட்டினால், பத்து நிமிடத்தில் அந்தப் பேச்சு உருப்படியாகிவிடும். மலாயில் பேசத் தயக்கமா, ஆங்கிலத்தில் பேசத் தயக்கமா, இரண்டையும் கலந்து பேசட்டும். எந்த விரிவுரையாளரும் இலக்கணம் பார்க்கப்போவதில்லை.

குழு விஷயத்தில் எனக்கு ஓர் அழுத்தமான கருத்து உண்டு. சிலருக்குப் பிடிக்காமலும் போகலாம். தங்கை தமிழ் மாணவர்களோடு மட்டும் குழு அமைத்துக்கொள்ளவேண்டாம். தமிழ்ப் பிள்ளைகளின் கூட்டு மன பலத்துக்கு மிகவும் தேவை. விழாக்களும் தமிழ்ச் சங்கக் கூட்டங்களும் இருக்கட்டும். அவற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் ஒரு பொறியியல் வகுப்பில் நம்மவர்கள் மூன்று நான்கு பேர்தான் இருப்பார்கள்; அந்த நால்வருமே ஒரே இடத்தில் தடுமாறும்போது யார் யாருக்குச் சொல்லித் தருவது? கிளந்தானிலிருந்து வந்த மலாய் மாணவியும், சிறு நகரத்துச் சீன மாணவரும், சரவாக்கிலிருந்து வந்த இபான் பூர்வகுடி மாணவரும் தங்கையைப் போலவே வீட்டின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளாக இருக்கக்கூடும். கடந்த ஆண்டுகளின் கேள்வித்தாள்கள் யாரிடம் இருக்கின்றன, எந்த டுட்டோரியல் ஆசிரியர் பொறுமையாக விளக்குவார் என்ற செய்திகள் எல்லாம் இப்படிப்பட்ட பழக்கத்தில்தான் கைமாறுகின்றன.

இந்த நாட்டில் கல்வி ஆதரவு என்பது புதிய சரக்கும் அல்ல. 1971க்குப் பிறகு பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) மாணவர்களைப் பல்கலைக்கழகங்களில் கூட்டுவதற்காக அரசாங்கம் இட ஒதுக்கீடு மட்டும் செய்யவில்லை. அடிப்படைப் படிப்புகளையும், பின்னர் ஆறாம் படிவத்துக்குப் பதிலாகப் படிக்கும் மெட்ரிகுலேஷன் கல்லூரிகளையும் அமைத்து, விடுதி, படிப்புச் செலவுக்கு உதவித்தொகை, சிறு குழு டுட்டோரியல், அருகிலேயே விரிவுரையாளர் என்று எல்லாம் செய்துகொடுத்தது. அந்த ஏற்பாட்டின் உண்மையான பலன் இந்த ஆதரவில்தான் இருக்கிறது என்பேன். 2002இல் பல்கலைக்கழகச் சேர்க்கைக்குத் தகுதி அடிப்படை என்ற முறை வந்த பிறகும் மெட்ரிகுலேஷனில் பூமிபுத்ரா அல்லாதவருக்குப் பத்து விழுக்காடு இடம்தான் இருந்தது. எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ அல்லது அதற்கு மேல் பெற்றவர்களுக்கு இனப் பாகுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று 2024 ஜூன் மாதக் கடைசியில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். ஏழு ஏ, எட்டு ஏ எடுக்கும் தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் இன்னும் ஆறாம் படிவத்தில்தான் போய் நிற்கிறார்கள். அங்கே பெரும்பாலும் விடுதியும் இல்லை, சிறு குழுவும் இல்லை. எனவே தங்கை பல்கலைக்கழகத்தில் கேட்கும் ஆதரவு சலுகை அல்ல. மற்றவர்களுக்கு ஓராண்டு முன்பே கிடைத்துவிட்டது அவருக்குத் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான்.

நம் சமூகத்தின் பங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்தும் ஸ்ரீ முருகன் நிலையம் 1982இல் தொடங்கிய காலத்திலிருந்து, பல்கலைக்கழக மாணவர்களும் ஆசிரியர்களும் தொண்டர்களாக நின்று, எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளை எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தாண்ட வைத்திருக்கிறார்கள். கோயில் மண்டபத்து டியூஷன் வகுப்புகள், தோட்டத்துப் பழைய மாணவர்களின் ஏற்பாடுகள் என்று இன்னும் பல உண்டு. ஆனால் எல்லாமே பல்கலைக்கழக வாசலோடு நின்றுவிடுகின்றன. இடம் கிடைத்த அன்று பொன்னாடை போர்த்தி, பத்திரிகையில் படம் போட்டு, மடிக்கணினி வாங்கிக் கொடுப்போம்; நான்கு மாதம் கழித்து அந்தப் பிள்ளை என்ன பாயிண்டர் எடுத்தது என்று கேட்க ஆளிருக்காது. சறுக்கிய பிள்ளையும், பொன்னாடை போர்த்தியவர்களின் முகத்தில் விழிக்க அஞ்சி, வாயைத் திறக்காது. முதல் செமஸ்டரின் ஆறாவது வாரத்தில் ஊரில் உள்ள ஒரு பொறியாளரோ ஆசிரியரோ தொலைபேசியில் கூப்பிட்டு, “இடைத்தேர்வு எப்போது?” என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். இதற்கு மித்ரா என்ற இந்தியர் மேம்பாட்டு அரசாங்கப் பிரிவும் வேண்டாம், மானியமும் வேண்டாம்.

பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஈராண்டுக் கல்லூரிகளில் 2007இல் ஒரு திட்டம் தொடங்கியது. பெரும்பாலும் ஏழை மாணவர்கள். முழுநேரமாகப் படிக்கவேண்டும், ஆலோசகரை அடிக்கடி சந்திக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு, கட்டணத்தில் விழும் துண்டு, பாடநூல் செலவு, ரயில் பஸ் பயண அட்டை ஆகியவற்றைக் கொடுத்தார்கள். குலுக்கல் முறையில் சிலரைத் திட்டத்திலும் சிலரை வெளியிலும் வைத்து ஒப்பிட்டபோது, மூன்று ஆண்டுகளில் பட்டயம் முடித்தவர்கள் திட்டத்தில் இருந்தோரில் ஏறக்குறைய 40 விழுக்காடு, வெளியே இருந்தோரில் 22 விழுக்காடு. பெரும்பணம் அல்ல, படிப்பை இடையில் அறுக்கும் சில்லறைச் செலவுகளைத்தான் அது அடைத்தது. தங்கைக்கு அப்படிப்பட்ட செலவு எது என்று கேட்டறியுங்கள். இரவில் பகுதிநேர வேலைக்குப் போகிறாரா? பி.டி.பி.டி.என். பணம் வந்தவுடன் வீட்டுக்கு அனுப்புகிறாரா? இதைப் பல பிள்ளைகள் செய்கிறார்கள், வீட்டிலும் கேட்காமல் வாங்கிக்கொள்கிறார்கள். பல்கலைக்கழக மாணவர் நலப் பிரிவில் அவசர உதவி கேட்கலாம். பெற்றோர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர்களாக இருந்தால், உறுப்பினர் பிள்ளைகளுக்கான கல்வி உதவியைப் பற்றி விசாரியுங்கள். 1960இல் மலேசிய இந்தியர்களின் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் தொடங்கியது அது. அவரும் சுங்கை சிப்புட்டிலிருந்து கிளம்பி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வரை போய்ப் பட்டம் வாங்கியவர்தான்.

வற்புறுத்தலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். “போய்த்தான் ஆகவேண்டும்” என்று அண்ணன் சொன்னால் பெயரைப் பதிந்துவிட்டுப் போகாமல் இருப்பார். அதைவிட, வீட்டில் செய்யக்கூடியவற்றைச் செய்யுங்கள். கல்யாணம், காது குத்து, கோயில் திருவிழா என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறி வரச் சொல்லாதீர்கள்; ஒரு பயணத்துக்கு இரண்டு நாளும், மனம் மறுபடி படிப்பில் பதிய இன்னும் இரண்டு நாளும் போய்விடும். இடைத்தேர்வு எந்த வாரம் என்று கேட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மாமா, சித்தி, பக்கத்து வீடு என்று யாரிடமும் பாயிண்டரைச் சொல்லவேண்டாம். அம்மாவுக்கு இது புரியாது என்று நினைத்து மறைக்கவும் வேண்டாம். மேலே போட்ட கணக்கை அவரிடம் காட்டுங்கள், புரியும்.

தங்கையிடம், அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள். எந்தப் பாடத்துக்கு நடத்துகிறார்கள், நடத்துபவர் அதே பாடத்தை முடித்த சீனியரா விரிவுரையாளரா, வாரம் எத்தனை முறை, ஒரு குழுவில் எத்தனை பேர் என்று கேட்கட்டும். பாடப்பெயரும் வாராந்தர நேரமும் பதிலில் வந்தால் முதல் வாரத்திலேயே போகட்டும். இடைத்தேர்வு முடியட்டும் என்று காத்திருப்பவர்கள் போவதில்லை. ஒருநாள் ஊக்கமுகாம் என்று பதில் வந்தால், பெயரைப் பதிந்து வருகையை மட்டும் கொடுத்துவிட்டு, அதே வகுப்பில் மூன்று பேரைத் தேடிப் பிடித்து, நூலகத்தில் வெள்ளைப் பலகை உள்ள கலந்துரையாடல் அறை ஒன்றை வாரம் இருமுறை முன்பதிவு செய்துகொள்ளட்டும். பல பல்கலைக்கழக நூலகங்களில் அந்த அறைகளுக்குக் கட்டணமே இல்லை. இரண்டாம் செமஸ்டர் இடைத்தேர்விலும் அதே நிலை நீடித்தால், பாடத்திலிருந்து விலகுவதற்கான கடைசி நாள் தாண்டுவதற்கு முன் ஆலோசகரைப் பார்த்து, ஒரு பாடத்தைக் கைவிடுவதா, வேறு துறைக்கு மாற்றம் கேட்பதா என்று பேசவேண்டும். அந்தக் கடைசி நாள் கல்வி நாட்காட்டியில் இருக்கும்; அதை இப்போதே பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.